புல்லில் போட்ட முடிச்சு

ஈரானில், ஷிராஸ் நகரத்தில் இருக்கிற எங்கள் டைனோசர் பூங்காவுக்கு யதுல்லாதான் தோட்டக்காரர். நான் வாசலில் டிக்கெட் கொடுப்பவள். புத்தாண்டு பிறந்த பதின்மூன்றாம் நாள் ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு புல்வெளிக்கு வந்துவிடும். அன்று சாயங்காலத்துக்குள் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிவிடும். புத்தாண்டுக்கு வீட்டில் வளர்த்த முளைப்பயிரை அன்று ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். பிள்ளைகளோ அதை டைனோசர் சிலைகளின் வாய்க்குள் திணிப்பார்கள்.

"அது கறி தின்ற மிருகம்டா! அதுக்கு ஏண்டா புல்லைக் குடுத்து வதைக்கிறீங்க?" என்று அதை எடுக்க ஏணி போட்டு ஏறுவார்.

கல்யாணம் ஆகாத பெண்கள் மாப்பிள்ளை அமைய வேண்டிக்கொண்டு புல்லில் முடிச்சுப் போடுவதையும் திட்டுவார். முடிச்சு அவிழ்ந்தால் வேண்டுதல் பலிக்கும் என்பார்கள். ஆனால் மறுநாள் புல்வெட்டும் இயந்திரத்தைத் தொடவே மாட்டார். மண்டி போட்டு ஒவ்வொன்றாக அவிழ்ப்பார்.

"வெட்டித் தள்ளுய்யா" என்றார் மேலாளர்.

"உங்க பொண்ணு போட்டதும் இதுல இருக்கும், பரவாயில்லையா?" என்று இவர் கேட்டதும் அந்த மனுஷன் நடையைக் கட்டினார்.

இந்த வருஷம் நெடுங்கழுத்து டைனோசரின் காலடியில் இருந்த ஒரு முடிச்சு மட்டும் அரை மணி நேரம் அவரைப் படுத்தி எடுத்தது. கடைசியில் குப்புறப் படுத்து, பல்லால் இழுத்து அவிழ்த்துவிட்டு என் அறைக்கு வந்தார்.

நான் தலை நிமிராமல் டீ ஊற்றிக் கொடுத்தேன்.

அவர் சர்க்கரைக் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு சொன்னார்: "அடுத்த தடவை கொஞ்சம் லேசாக் கட்டும்மா. எனக்கு மிச்சம் இருக்கிறது நாலு பல்லுதான்."