கம்பியோரம் நின்ற கூட்டம்

மன்னாரில் பிறந்த மெற்றில்டா, ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் முதியோர் இல்லமொன்றில் தாதி. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்க் காற்பந்துப் போட்டிகளுக்கு நடுவராகப் போவார். எத்தனையோ மைதானங்களில் விசில் ஊதியிருந்தாலும், மூடிக்கிடந்த நிலக்கரிச் சுரங்கமொன்றுக்கு அருகே இருந்த பழைய மைதானத்தைத்தான் அவரால் மறக்க முடியவில்லை.

அங்கே புல் கிடையாது, கறுத்த சாம்பல் தரைதான். கோட்டோரம் ஓடினால், தடுப்புக் கம்பியில் சாய்ந்து நிற்பவர்களின் பியர் மணக்கும் மூச்சு கழுத்தில் படும். உடைமாற்றும் அறைக்கு அவர்கள் நடுவே ஓர் ஒடுங்கிய பாதைதான் இருந்தது.

ஒருமுறை, ஆட்டம் முடியும் தறுவாயில், அந்த மைதானத்து அணிக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தார். அவர்களுடைய ஆட்டக்காரர் ஒருவரின் கையில் பந்து பட்டதை அவர் தெளிவாகக் கண்டிருந்தார். அந்தப் பெனால்டியில் விழுந்த கோலால் அவர்களுடைய அணி தோற்றது. கத்திக்கொண்டே கூட்டம் பாதையை நெருக்கியது.

ஆட்டம் பார்க்க வந்திருந்த கணவர் றெஜினோல்ட் ஓடிவந்தார். "பின்பக்கக் கேற் திறந்திருக்கு. அதால வாரும்."

"ஏலாது. இண்டைக்கு அதால போனா, இனி என்னால இஞ்ச விசில் ஊத ஏலாது."

"அப்ப நான் முன்னால போறன்."

"வேண்டாமப்பா. பக்கத்தில வாங்கோ."

நடந்தார்கள். யாரோ மெற்றில்டாவின் தோளில் பியரை ஊற்றினார்கள். ஒருவன் காலைக் குறுக்கே நீட்டினான். மெற்றில்டா நின்று அவன் முகத்தையே பார்த்தார். அவன் காலை இழுத்துக்கொள்ளும்வரை அசையவில்லை.

அறைக்கதவைப் பூட்டியபின் மெற்றில்டா உட்கார்ந்து கால்களை நீட்டினார். றெஜினோல்ட்தான் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துவிட்டார்.

அடுத்த ஆட்டப் பருவத்திலும் மெற்றில்டா அங்கே விசில் ஊதப் போனார். அந்த இடத்தில் இப்போது வீடுகள் எழும்பிவிட்டன. பயப்படவில்லையா என்று யாராவது கேட்டால் அவர் மறைப்பதில்லை.

"ஓம், பயந்தனான். போன ஒவ்வொரு முறையும் பயந்தனான்."