மண்ணில் போட்ட வட்டம்

செனாய்க்கு அப்பால் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், காட்டை ஒட்டிய மர நிரைகளில் பால் வெட்ட யாருக்கும் மனம் வராது. அங்கே பெரியவர் நடமாடுவார். புலியை அப்படித்தான் சொல்வோம். மறுத்துப் பேசத் தெரியாத எனக்கு ஒரு நிரையைக் கொடுத்தார் கங்காணி. அடுத்த நிரை, தகப்பனோடு புதிதாக வந்திருந்த ஒரு பெண்ணுக்கு. நடுவில் ஒரு மண்பாதை.

கத்தியை எடுக்குமுன் பாதையைப் பார்ப்போம். முதலில் வருகிறவர் புதுத் தடம் கண்டால் குச்சியால் அதைச் சுற்றி வட்டம் போட்டு வைப்பது என்று நாங்களே ஏற்படுத்திக்கொண்டோம். சொல்லித்தர யாருமில்லை. தப்புத் தப்பாகப் பார்த்துத்தான் பழகினோம்.

ஒருநாள் மூன்று விரல் தடங்களும் நாலு விரல் தடங்களும் பாதையைக் கடந்திருந்தன. இரண்டு மிருகம் என்றேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"ரெண்டு மிருகம்னா எட்டு காலு வேணும்ல? மிச்ச கால கையில தூக்கிட்டா போச்சு?"

ஒரே மிருகம்தான். முன்னங்காலில் நாலு விரல், பின்னங்காலில் மூன்று. பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக இருக்குமே, மலாய்க்காரர்கள் தெனுக் என்பார்களே, அது. பிறகு என்னைக் கண்டாலே, "எட்டுக்காலு வந்திருச்சு" என்பாள். மற்ற ஆண்களையெல்லாம் அண்ணே என்று கூப்பிடுகிறவள் என்னை ஒருதடவையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அது எனக்குப் போதுமாக இருந்தது. போதவும் இல்லை.

வாளியிலிருந்து சிந்திய பால் மண்ணில் வெள்ளைப் பொட்டாக உறைந்து கிடக்கும். தடம் அந்தப் பொட்டை மிதித்திருந்தால், நாங்கள் போன பிறகு வந்த மிருகம். பொட்டு தடத்துக்குள் விழுந்திருந்தால், நாங்கள் கவனிக்காமல் விட்ட பழைய தடம். இப்படிப் பார்த்துப் பார்த்து அவள் பாதமும் எனக்குத் தெரிந்துபோயிற்று. வலது சுண்டுவிரல் மண்ணில் படாது.

'உங்கப்பாகிட்ட வந்து கேக்கட்டுமா?' இந்த ஒரு பேச்சைத் தினமும் காட்டோரத்துக்குக் கொண்டுபோய், தினமும் திருப்பிக் கொண்டுவந்தேன்.

ரப்பர் விலை விழுந்தது. பலரை ஊருக்குக் கப்பலேற்றினார்கள். அவள் தகப்பன் முறையும் வந்தது. லாரி விடியுமுன் கிளம்பிவிடும் என்றார்கள். வழியனுப்ப அவர்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் போக எனக்குக் கூச்சம். வழக்கம்போல நிரைக்குப் போனேன்.

விளக்கு வெளிச்சத்தில், பாதையில் அவள் காலடி. வந்ததும் இருந்தது, போனதும் இருந்தது. போன காலடியில் முன்பாதம் ஆழப் பதிந்திருந்தது, ஓடியிருக்கிறாள். நடுவில் ஒரு வட்டம். என்ன மிருகமோ என்று குனிந்தேன். மிருகம் இல்லை. முந்தின நாள் பாலை மிதித்த ஒரு மனிதக் கால். என் காலை அதில் வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது.

அதற்குள் லாரிச் சத்தம் சாலைக்குப் போய்விட்டது. மழையும் பிடித்துக்கொண்டது. வாளியை அதன்மேல் கவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

"வாளிய கவுத்துட்டு யாருக்குடா காவல் நிக்கிற? பெரியவருக்கா?" என்றார் கங்காணி.

தலையாட்டினேன்.

மழை விட்டதும் தூக்கினேன். தண்ணீர் அடியில் புகுந்து எல்லாவற்றையும் கரைத்திருந்தது. வாளி விளிம்பு அழுந்திய வட்டம்தான் மிச்சம்.

இப்போது தம்போயில் சிமெண்டுத் தரை வீடு. வந்தவர்கள் யாராவது ஈரக்காலோடு நடந்து போனால், நான் சுண்டுவிரலைத்தான் முதலில் தேடுகிறேன்.