புல்லக்கா வாங்கிய கையெழுத்து

கால்பந்து கிளப்பின் மைதானத்தில் புல் வளர்ப்பவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் புல்லக்கா. பத்தொன்பது வருஷமாக அந்தப் புல்லை வெட்டியதும், நீர் விட்டதும், வெள்ளைக் கோடு போட்டதும் அவள்தான். கோல் கம்பத்துக்கு முன்னால் யாராவது செருப்போடு நின்றுவிட்டால் போச்சு, கிளப் தலைவராகவே இருந்தாலும் சரி, "ஐயா, கீழ பாத்து நில்லுங்க, நேத்துதான் விதை போட்டேன்" என்று கத்துவாள். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அவள் புல்லில் ஒரு சொட்டைகூட யாராலும் காட்ட முடியாது.

அவளைக் கவிழ்த்தது ஒரு பழக்கம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல்நாள், 'மைதானம் ஆடத் தகுதியாக இருக்கிறது' என்று அச்சிட்ட சீட்டில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நேரம் பார்த்து அவள் கையெல்லாம் சேறும் பெயின்டுமாக இருக்கும். சீட்டில் கறை படிகிறது என்று லீக் அலுவலகத்தில் முணுமுணுத்தார்கள். அதனால் மாசம் பிறந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, அந்த மாசத்துச் சீட்டுகள் அத்தனையிலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டு மேலாளரிடம் கொடுத்துவிடுவாள். ஆட முடியாத நாள் என்றால் வாயால் சொல்வாள். அவன் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவான்.

நம்பாமல் எப்படி இருப்பாள்? மேலாளர் அவள் கொழுந்தன். வேலைவெட்டி இல்லாமல் அவள் வீட்டு சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்தவனை, தலைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஆபீசில் சேர்த்துவிட்டதே அவள்தான். மூன்று வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன். சும்மா சொல்லக்கூடாது, பயல் கெட்டிக்காரன், ஆறே வருஷத்தில் மேலாளர் நாற்காலியைப் பிடித்துவிட்டான்.

ரக்பி டீமின் மைதானத்தை இடித்துக் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், "எங்க எடத்துல வந்து ஆடுங்க" என்று அவர்களை அழைத்து வந்தவனும் அவன்தான். சனிக்கிழமை ரக்பி, ஞாயிற்றுக்கிழமை கால்பந்து. புல்லக்கா குதித்தாள்.

"நம்ம பசங்க புல்லு மேல ஓடுவாங்க. இவங்க எட்டு எட்டு பேரா தோளைப் பூட்டிக்கிட்டு மாடு மாதிரி தள்ளுவாங்க. புல்லு வேரோட வந்துடும்டா."

"அண்ணி, காலம் மாறிப் போச்சு. நீங்க புல்லைப் பாருங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்ட லட்சணம் இது: ரக்பிக்கு உயரமான கம்பங்கள் நடக் குழி தோண்டியபோது, வடக்கு கோலுக்கு அடியில் போகிற வடிகால் குழாயை வெட்டிவிட்டார்கள். புல்லக்காவே குழாய்க்காரரைக் கூட்டிவந்து வேறு குழாய் போட வைத்தாள். வடக்கு கேலரிக்கு அடியில் அதற்கு ஒரு வால்வு. வெயில் காலத்தில் ஈரம் நிற்க அதை மூடிவைப்பாள், மழைக்கு முன்னால் நீளமான இரும்புச் சாவி போட்டுத் திறந்துவிடுவாள். கொழுந்தனிடம் சொன்னபோது அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரி சரி, அதெல்லாம் உங்க வேலை அண்ணி" என்றான்.

ஒரு சனிக்கிழமை மழையில் ரக்பி நடந்தது. முடிந்ததும் அவள் மைதானத்தை நடந்து பார்த்தாள். வடக்கு கோலுக்கு முன்னால் முழங்கை ஆழத்துக்குக் குழிகள். நேராக ஆபீசுக்குப் போய், "நாளைக்கு ஆட்டம் வேணாம். சீட்டைக் கிழிச்சுடு" என்றாள். அவனும் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினான்.

கிழிக்கவில்லை, படுபாவி.

மறுநாள் காலையில் ஆட்டம் நடக்கிறது என்று தெரிந்து அவள் பதறி ஓடிவருவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். டீமின் முன்வரிசை ஆட்டக்காரனை எக்ஸ்பிரஸ் என்பார்கள், அப்படி ஓடுவான். அன்றைக்கு ஓடி வந்த வேகத்தில் அந்தக் குழி ஒன்றில் கால் மாட்டிக்கொண்டது. உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை. அவன் அலறியது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

விசாரணையில் தலைவரின் மேஜை மேல் அவள் சீட்டு இருந்தது. அவள் கையெழுத்து, கறையில்லாமல், பளிச்சென்று.

"அவங்க வேணாம்னு சொன்னதா எனக்கு ஞாபகமே இல்லைங்க ஐயா. சொந்த அண்ணிங்கறதுக்காக நான் பொய் சொல்ல முடியுங்களா?" என்றான் கொழுந்தன். கண் வேறு கலங்கியிருந்தது.

கையெழுத்து அவளுடையதுதான், அவள் வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. மறுநாளே அவளைக் கேலரி நாற்காலி துடைக்கப் போட்டார்கள். மைதானச் சீட்டில் இனி மேலாளரே கையெழுத்துப் போடுவார் என்று முடிவானது. ஆட்டம் போன எக்ஸ்பிரஸை வாசலில் டிக்கெட் கிழிக்க உட்கார வைத்தார்கள். "புல்லக்கா, புல்லக்கா" என்று சுற்றி வந்தவன், இப்போது அவள் வாசலைத் தாண்டினால் ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வேலை போனதைக்கூட அவள் ஜீரணித்துவிட்டாள். இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவன் முட்டியை உடைத்தது தான் இல்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும். உடைத்தவன் யார் என்றும் தெரிய வேண்டும்.

"என்ன இருந்தாலும் என் தம்பி. விட்டுத் தொலையேன்" என்றார் புருஷன்.

"விட மாட்டேன். அவன் கையாலயே அவனுக்கு ஆப்பு வைப்பேன்."

மைதானச் சாவிகளை எல்லாம் ஒப்படைத்தவள், வால்வு சாவியை மட்டும் ஒப்படைக்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. அது அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு வருஷம் தொங்கியது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் அடுப்பைப் பற்றவைத்தாள். அந்தச் சனிக்கிழமை மழை விட்டதும் அவள் மூடிய வால்வு அப்படியே கிடந்தது, அதற்குப் பிறகு பெரிய மழையும் இல்லை.

ரக்பி இறுதி ஆட்டம் இதே மைதானத்தில்தான் என்று அறிவித்தார்கள். டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது. அதற்கு முந்தைய மூன்று நாளும் மழை பிய்த்து உதறியது. கொழுந்தன் மைதானத்தில் கால் வைக்காமலே சீட்டில் கையெழுத்துப் போட்டான். ஆட்டத்தன்று காலையில் புல்லக்கா இரும்புச் சாவியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

மழை விட்டிருந்தது. நடுவர் வந்து பார்த்தார். வடக்குப் பக்கம் கணுக்கால் அளவு தண்ணீர். "ரெண்டு மணி நேரம் டைம் தரேன். தண்ணி வடியலைன்னா ஆட்டம் கிடையாது. இதுக்குத் தகுதின்னு கையெழுத்துப் போட்ட புண்ணியவான் யாரு?" என்றார். கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. வாளி, ஸ்பாஞ்சு, பம்பு என்று ஆட்களை விரட்டினான். இறைக்க இறைக்கத் தண்ணீர் ஊறி வந்தது. கடைசியில் கக்கத்தில் பைலும் முழங்கால் வரைக்கும் சேறுமாகக் கேலரிக்கு ஓடிவந்தான்.

"அண்ணி! அன்னிக்கு என்னமோ குழாய்னு சொன்னீங்களே! காப்பாத்துங்க அண்ணி, தலைவர் வந்துட்டு இருக்காரு!"

புல்லக்கா கையிலிருந்த நாற்காலியைத் துடைத்து முடித்தாள்.

"உன் பைல்ல கிளப் பேரு போட்ட தாள் இருக்கா?"

"இருக்கு."

"ஒண்ணு எடு. அடியில கையெழுத்துப் போடு. சீலும் வை."

"ஒண்ணுமே எழுதலையே அண்ணி. என்னத்துக்கு?"

"சீட்டுல நான் கையெழுத்துப் போட்டப்ப என்னத்துக்குன்னு கேட்டேனா? நீயும் கேக்காத."

அவன் மைதானத்தைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அண்ணிதானே என்று நினைத்திருப்பான். தாளைப் பைல் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டு, சட்டைப் பையில் இருந்த சீலும் வைத்துக் கொடுத்தான்.

அவள் போய் வால்வைத் திறந்தாள். முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் போன இடம் தெரியவில்லை. ஆட்டம் தொடங்கியது. எட்டுக்கு எட்டு பேர் பூட்டிக்கொண்டு தள்ளியதில், அவள் புல் கொத்துக் கொத்தாகப் பெயர்ந்து வந்தது. ஆனாலும் அன்றைக்கு அவளுக்கு அதைவிடப் பெரிய வேலை இருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

எக்ஸ்பிரஸ் வழக்கம்போல ஊன்றுகோலைப் பார்த்தான். அவள் எதிரில் உட்கார்ந்து சொன்னாள். முன்கூட்டியே போட்ட கையெழுத்து, சனிக்கிழமை மாலை தான் போய்ச் சொன்னது, கொழுந்தன் தலையாட்டியது, எல்லாவற்றையும் சொன்னாள். தன் முட்டாள்தனத்தையும் விடவில்லை. பிறகு அந்தத் தாளை அவன் மடியில் வைத்தாள்.

அவன் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"இதுல என்ன எழுதறது, புல்லக்கா?"

ஒரு வருஷம் கழித்து அந்தப் பெயரை அவன் வாயால் கேட்டாள். பேனாவை எடுத்து நீட்டி, "நடந்ததை அவனே ஒப்புக்கிட்ட மாதிரி எழுது. அதுக்கு மேல ஏதாவது எழுதணும்னு தோணுனாலும் எழுது. இடம் நிறைய இருக்கு" என்றாள்.

உள்ளே கூட்டம் ஆர்ப்பரித்தது. இடைவேளையில் தலைவருக்குக் காபி சொல்ல வெளியே வந்த கொழுந்தன், டிக்கெட் மேஜையில் சீல் வைத்த தாளும் எக்ஸ்பிரஸ் கையில் பேனாவும் இருப்பதைக் கண்டு பேயறைந்த மாதிரி நின்றான்.

"அண்ணி! அவன்கிட்டயா குடுத்தீங்க? நான் உங்க கையால சாப்பிட்டவன் அண்ணி!"

"சத்தம் போடாதடா. அவன் எழுதட்டும்" என்றாள் புல்லக்கா. தன் நாற்காலியை எக்ஸ்பிரஸுக்கும் கொழுந்தனுக்கும் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.