டொரீன் தள்ளிவிட்ட தட்டு

டொரீனை வாயாடி என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தோட்டத்துக் கூலிகளின் லயத்து வரிசையில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி அவள். அவளுக்கு வாய் கிடையாது, கால்தான். ஓரிடத்தில் நிற்காது. மகளுக்குத் தலை வாரும்போதுகூட வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பாள். பிள்ளை பாதிச் சடையோடு பின்னால் ஓடும்.

மலாய் நாட்டில், புக்கிட் பெலிம்பிங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். கல்யாணத்துக்கு முன்பு டொரீன் துரை பங்களாவில் மேசைக்குத் தட்டு எடுத்து வைத்தவள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷெல்லாம் துரைசாணி சாப்பாட்டைத் திட்டிய இங்கிலீஷ்தான். கஞ்சி கட்டிகட்டியாக இருந்தால் ‘லம்பி’. வெண்டைக்காய் கொழகொழத்தால் ‘ஸ்லைமி’. ரொட்டி ஊறிச் சொதசொதத்தால் ‘சோகி’. சொல்லும்போதே துரைசாணி மூக்கைச் சுருக்கி, தட்டை இரண்டு விரலால் தள்ளி, ‘டேக் இட் அவே’ என்று எடுத்துப்போகச் சொல்வாளாம். தன் மகன் காய்ச்சலில் வெளுத்துக் கிடந்தால் மட்டும் ‘பேல், சிக்லி’ என்று குரலைத் தாழ்த்துவாளாம். அந்த மூக்கும் விரலும் குரலும் சொல்லோடு சேர்ந்தவை என்றே டொரீன் நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவசரகாலம் வந்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடுகிறவர்களுக்குப் போய்விடும் என்று வீட்டில் ஒரு பிடி அரிசி வைக்க விடவில்லை. மொத்தத் தோட்டத்துக்கும் ஒரே கொட்டகையில் பொங்கி, சோறாகத்தான் கொடுத்தார்கள். மத்தியானம் வாங்கிய சோறு விளக்கு வைப்பதற்குள் நூல் நூலாக வரும். பெரியவர்கள் புளியைக் கரைத்து ஊற்றி விழுங்கினோம். டொரீனின் மகள் லில்லியனால் முடியவில்லை. வாயில் வைத்தாலே குமட்டும். கன்னம் ஊதி, உதடு வெளுத்து, சுண்ணாம்புச் சுவர் நிறத்துக்கு வந்துவிட்டாள்.

“ஒரு பிடி அரிசி குடுத்தா சுடச்சுட கஞ்சி வெச்சிருவேன், நல்லம்மாக்கா. புள்ள குடிச்சிரும்” என்று என் வாசலில் வந்து நிற்பாள். நான் பதில் சொல்வதற்குள் போய்விடுவாள்.

அனுமதி தரவேண்டியவர், கொட்டகையைப் பார்வையிட வரும் வெள்ளைக்கார அதிகாரி. அவரிடம் எடுத்துச் சொல்லும்படி தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தங்கராஜுவைக் கெஞ்சினாள்.

“சொல்லிட்டேம்மா. புள்ளைக்குக் கொஞ்சம் சொகமில்லேன்னு.”

“கொஞ்சமா? அவ மூஞ்சியப் பாத்தீங்களா, கிராணி ஐயா?”

“அதுக்கு மேல சொன்னா எனக்கு வேல இருக்காது லா.”

அடுத்த தடவை அதிகாரி வந்து உட்கார்ந்தபோது, டொரீன் இடுப்பில் லில்லியன், கையில் முந்தின நாள் சோற்றுத் தட்டு. நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. தட்டை அவர் மேசையில் வைத்தாள். மூக்கைச் சுருக்கினாள்.

“ஸ்லைமி. லம்பி. சோகி” என்றாள். இரண்டு விரலால் தட்டை அவர் பக்கம் தள்ளி, “டேக் இட் அவே!” என்று அதட்டினாள்.

கிராணிக்கு வியர்த்துவிட்டது. “அடிப்பாவி, துரைசாணி மாதிரியே பேசுறியே!”

“வேற எப்படிப் பேசுவாங்க? அவங்க பேசித்தானே கேட்டேன்?”

அதிகாரியின் காது சிவந்தது. ஆனால், அம்மாவிடம் திட்டு வாங்கிய பையன் மாதிரி, கை தானாகத் தட்டை எடுத்துவிட்டது. எடுத்த பிறகு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். முகம் கோணியது.

டொரீன் பிள்ளையின் முகத்தை அவர் பக்கம் திருப்பினாள். குரல் இறங்கிவிட்டது. “பேல்” என்றாள். “சிக்லி.”

அவர் சோற்றையும் பிள்ளையையும் மாறிமாறிப் பார்த்தார். கிராணியிடம் ஏதோ சொன்னார்.

“தெனம் சாயங்காலம் ஒரு பிடி அரிசி குடுக்கச் சொல்றாரு” என்றார் கிராணி, தன் காதையே நம்பாதவராக. “ஆனா வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கம்பி வாசல்ல, காவக்காரன் கண்ணு முன்னால காய்ச்சி, அங்கேயே குடுத்துட்டுப் போவணும்.”

அன்று மாலை வாசலோரம் மூன்று கல் வைத்தோம். மலாய்க் காவல்காரன் பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “டுடுக் லா” என்று உட்காரப் பெட்டியைக் காட்டினான். டொரீன் உட்காரவில்லை. கம்பியோரம் நடந்துகொண்டே கஞ்சியை ஊதினாள். பிள்ளையை நான்தான் மடியில் வைத்திருந்தேன். முதல் வாய் குமட்டவில்லை. இரண்டாவதுக்கு லில்லியனே வாயைத் திறந்தாள். கிண்ணத்தின் அடியில் ஒட்டியதை விரலால் வழித்தாள்.

டொரீன் காலிக் கிண்ணத்தை நெருப்பு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

“நாளைக்கு வேற ஆபீசர் வந்து அரிசி குடுக்கக் கூடாதுன்னுட்டா, அக்கா?” என்று கேட்டுவிட்டு, மறுபடி நடக்கத் தொடங்கினாள்.