கலியமூர்த்தி காருக்குப் புது செட்டு

காரோடு வந்த கம்பெனி பாட்டு செட்டைக் கண்டாலே கலியமூர்த்திக்கு ஆகாது. ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்த கையோடு ஆசைப்பட்டு வாங்கிய கார். மஸ்கட்டில் இருக்கும் மகள் இசைப்பிரியா, அப்பா கேட்பதற்கென்றே தான் பாடிய பாட்டுகளை ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்பியிருந்தாள். போட்டால் மேளம் வருகிறது, குரல் வரவில்லை என்பது அவர் புகார்.

"காரை நல்லா செஞ்சிட்டு செட்டுல கோட்டை வுட்டுட்டான் பாரு" என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார்.

பக்கத்து சீட்டில் இருக்கும் அவர் மனைவி பொற்கொடிக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்கும். வாயைத் திறக்க மாட்டாள்.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கத்திலேயே முப்பது வருஷம் நின்ற மனிதர். காதை மூடிக்கொள்ள மஃப் கொடுத்திருந்தார்கள். ஐயா அதைக் கழுத்தில் மாலை மாதிரி மாட்டிக்கொண்டு திரிவார். கேட்டால், "காத மூடிக்கினா உருளை எங்க சிக்குதுன்னு எப்படித் தெரியும்?" என்பார். அந்த ஷிஃப்ட்டே அப்படித்தான். ஒழுங்காக மாட்டிக்கொண்டு வந்தவனைப் புதுப்பொண்ணு என்று கிண்டல் செய்தே கழற்ற வைத்துவிடுவார்கள். எல்லாம் வீரம்!

குவார்ட்டர்ஸில் அவர்கள் இருந்த பிளாக்கில் வீட்டுக்கு வீடு கத்தித்தான் பேசுவார்கள். புருஷன் பெண்டாட்டி சாம்பாரைப் பற்றிப் பேசினாலே சண்டை என்று புதிதாகக் குடிவந்தவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அதனால் அவர் காது போய்க்கொண்டிருந்தது பொற்கொடிக்கே தெரியவில்லை. முதலில் குக்கர் விசில் போனது. பிறகு பெண்பிள்ளைகளின் குரல். ஆம்பளைகள் பேசுவது மட்டும் இன்னும் கேட்கிறது; பொற்கொடி பேசினால் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார். மகள் போன் செய்தால் "சிக்னலே இல்ல" என்று இவளிடம் நீட்டிவிடுவார்.

ஆஸ்பத்திரியில் காட்டலாமா என்று ஒரு தடவை ஜாடையாகக் கேட்டாள். "நான் என்னா செவிடா?" என்றவர் அன்று சாப்பிடவே இல்லை. அதோடு அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். புது செட்டு வைக்கலாம் என்று அவர் சொன்னபோதும், "வச்சிப் பாருங்க" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

மந்தாரக்குப்பம் கடையில் இளம்பரிதி என்ற பையன் டேஷ்போர்டைக் கழற்றிப் பழைய செட்டை உருவினான். டச் ஸ்கிரீன் வைத்தான், நாலு கதவிலும் ஸ்பீக்கரை மாற்றினான், கலியமூர்த்தியின் போனையும் அதில் சேர்த்துவிட்டான். பிறகு பாட்டைப் போட்டான். இசைப்பிரியாவின் குரல் தெரு வரைக்கும் கணீரென்று போனது. எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னும் வைப்பா" என்றார் கலியமூர்த்தி.

வைத்தான். கண்ணாடி அதிர்ந்தது. இளம்பரிதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"மேளந்தான் வருது. கொரல் எங்க?"

"கொரல்தான் சார் ஃபுல்லா வருது..." என்று ஆரம்பித்தவன் பொற்கொடியைப் பார்த்தான். சொல்லிவிடாதே என்று அவள் கண்ணைக் காட்டினாள்.

கலியமூர்த்தி அவன் காதை மூடியிருந்த கைகளைப் பார்த்தார். டீக்கடைப் பக்கம் பார்த்தார். பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவளிடம் திரும்பினார்.

"உனுக்குக் கேட்டுச்சா?"

அவள் தலையாட்டினாள்.

"பழைய செட்டுலயும் கேட்டுதா?"

அதற்கும் தலையாட்டினாள். அவர் கோபித்திருந்தால் தேவலை. சீட்டில் சாய்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஸ்கிரீனில் மகள் பெயர் வந்தது. இளம்பரிதி பச்சைப் பொத்தானைத் தொட்டான்.

"அப்பா! புது செட்டு வச்சாச்சா? அம்மா, நீ சொல்லு, எப்படியிருக்கு?"

பொற்கொடி பேச வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.

"ஏம்ப்பா, அம்மா அழுவுதா? என்னாச்சுப்பா?"

கலியமூர்த்தி ஸ்கிரீன் பக்கம் குனிந்து, உரக்கச் சொன்னார்.

"அருமையா கேக்குதும்மா. ஒரு வார்த்தை வுடாம கேக்குது. நல்லா பாடியிருக்க."

"அப்பா?" என்றாள் இசைப்பிரியா, மெதுவாக. அவர் ஸ்கிரீனில் அவள் பெயரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.