பந்தலின் கடைசியில் உயர்ந்த கை

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், என் அக்காவின் முகத்தைவிட அவருடைய வலது கையைத்தான் அதிகம் பார்த்திருப்பீர்கள். பந்தலின் கடைசியில், கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, கண்ணாடி வளையல்கள் முழங்கைக்குச் சரிய உயர்ந்து நிற்கும் அந்தக் கை. அக்கா போய் ஓராண்டு ஆகிறது. இன்னமும் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பந்தலின் கடைசியைத்தான் பார்க்கிறேன்.

வல்லத்தை அடுத்த சிற்றூரில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் கேப்பையும் விளைவிக்கும் வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. நான் அவரைவிட ஒன்பது வயது இளையவள். அக்கா எட்டாவது படித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. அப்பா கடன் உடன் வாங்கி, குழாய் ஒலிபெருக்கிகளோடு ரேடியோ செட் வைத்தார். அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பாட்டு கேட்டது. தாய்மாமன் சீர் கொண்டுவந்ததையும், யார் யார் என்னென்ன தட்டு வைத்தார்கள் என்பதையும் மைக்கில் சொன்னார்கள். விழா முடிந்து செட்டைக் கழற்றியதோடு அக்காவின் படிப்பையும் கழற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை அவருடைய பை ஆணியிலேயே தொங்கியது. களத்தில் உட்கார்ந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தபோது பள்ளிக்கூட மணி கேட்டது என்று அக்கா சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் அழமாட்டார்.

பிறகு அக்காவைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுத் தொழில் ரேடியோ செட். எந்தக் குழாய் அவர் படிப்பு நின்ற நாளில் பாடியதோ, அதே மாதிரிக் குழாய்கள் அடுக்கிய வீட்டில் போய் விளக்கேற்றினார். மாமா நல்லவர், ஆனால் மூக்கின் மேல் கோபம். அக்காவோ அவர் திட்டி முடிக்கும் வரை ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு தான் நினைத்ததையே செய்வார்.

அடுத்தது என் முறை. எனக்கு விழா வைத்தபோது மாமாதான் செட் கட்டினார். நான் மாலையும் கழுத்துமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். படிப்புக்கு என்ன முடிவு என்று வீட்டில் யாரும் பேசவில்லை. பேசாமல் இருந்ததே முடிவு என்பது அக்காவுக்குத் தெரியும். சீர்த்தட்டுகளை அறிவித்து முடித்ததும் அக்கா மைக்கை வாங்கி என் மடியில் வைத்தார்.

"மூணே மூணு வார்த்த சொல்லு போதும். உன் பேரு. எத்தினியாவது படிக்கிற. திங்கக்கெழம இஸ்கூலுக்குப் போறேன்னு சொல்லு."

"எனக்கு பயமாகீது அக்கா. எல்லாரும் என்னையே பார்த்துக்கினு கீறாங்க."

"அவுங்கள நீ எதுக்குப் பாக்கற? நான் கடைசில போய் நிக்கறேன். உன் பேச்சு எனக்குக் கேட்டா கையத் தூக்குவேன். என் கையப் பார்த்துப் பேசு."

சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மோட்டார் கொட்டகை வரைக்கும் போய் நின்றார். நான் என் பெயரைச் சொன்னேன். கை எழவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். கை எழுந்தது. பிறகு மற்ற இரண்டையும் சொல்லிவிட்டேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அப்பா பக்கம் திரும்பினார்கள். "பரவால்லியே, பொண்ண படிக்க வெக்கிறியே!" என்று ஒரு பெரியப்பா அப்பாவின் தோளில் தட்டினார். அப்பா விழித்தார், பிறகு மீசையைத் தடவிக்கொண்டார். பாராட்டை வாங்கிக்கொண்டவரால் படிப்பை நிறுத்த முடியவில்லை. இன்று விழுப்புரத்தில் நான் பார்க்கும் அரசு வேலை அந்த மூன்று வார்த்தையில் தொடங்கியது.

அன்றிலிருந்து அக்கா அதையே வழக்கமாக்கிக்கொண்டார். மஞ்சள் நீராட்டுக்குச் செட் கேட்டு யார் கடைப் படி ஏறினாலும், "அனுப்பறோம். ஆனா பொண்ணு மைக்கில மூணு வார்த்த பேசணும்" என்பார். "பொம்பளப் புள்ள மைக்கில பேசறதா?" என்று சிலர் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். "தொழில பேஜாராக்கிக்கினு கீற நீ" என்று மாமா கத்துவார். ஆனாலும் வல்லம், மேல்மலையனூர், வானூர் என்று செட் வண்டி போன ஊர்களிலெல்லாம் அக்காவும் கூடப் போனார். குழாய் கட்டும்போதே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசிப் பழக்குவார். மைக் கூவென்று கத்தி, அந்தப் பெண் பயந்து கீழே வைத்துவிட்டால், "கத்துனது மைக்கு. நீ எதுக்குடி பயப்படற?" என்று சிரிப்பார். அப்படி ஊரறியச் சொன்ன பெண்களை வீட்டில் நிறுத்திவைப்பது சுலபமாக இல்லை. சிலரை நிறுத்தத்தான் செய்தார்கள். அந்த வீடுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் அக்கா முகம் வாடிவிடும்.

ஒருமுறை நான் கேட்டேன், இத்தனை பேரைப் பேச வைக்கிறாயே, நீ ஒருநாளாவது மைக்கில் பேசியதுண்டா என்று. அக்கா ஒயரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு மொத ரெண்டு வார்த்த கீதுடி. மூணாவது இல்லியே."



இங்கே சங்கீதாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எழுதலாமா என்று அவளிடமே கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். மேல்மலையனூர்ப் பக்கத்துப் பெண். அவளுக்கு விழா நடந்தபோது அவள் ஒன்பதாவது. மாமா அப்போதுதான் ஒயரில்லாத மைக் வாங்கியிருந்தார். அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டே, பெண்ணுக்குப் புடவை கட்டிவிடும் அறைக்குள் போனார். புது மைக்கின் பொத்தானை அணைக்க மறந்துவிட்டார். வெளியே அதைக் கவனித்து ஒலியைக் குறைத்திருக்க வேண்டிய மாமா பந்தியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன்டி அழுவற?" என்று அக்கா கேட்டது வேப்பமரத்துக் குழாயில் கேட்டது.

"எனக்குக் கண்ணாலம் பேசிட்டாங்க பெரிம்மா. மாப்ள வூட்டுக்காரங்க வெளியத்தான் ஒக்காந்துகினு கீறாங்க. அப்பா இஸ்கூல் வேணான்ட்டாரு. எனக்குப் படிக்கணும் பெரிம்மா. சொன்னா அடிப்பாரு." இதுவும் கேட்டது.

பந்தி அப்படியே நின்றுபோனது. மாமா எச்சில் கையோடு ஓடி வந்து செட்டை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாயார் எழுந்து, "எங்களுக்கு இந்தப் பேச்சே வாணாம்" என்று வண்டியேறிவிட்டார். சங்கீதாவின் அப்பா அறைக்குள் பாய்ந்து வந்தார்.

"இன்னா காரியம் பண்ணிட்ட? என் மானத்தக் காத்துல வுட்டுட்டியே! கழட்டிக்கினு போ உன் செட்ட!"

அக்கா கையிலிருந்த மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றாராம். அந்தத் திருமணம் நின்றது நல்லதுதானே என்று பிறகு நான் ஆறுதல் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "மத்த பொண்ணுங்கல்லாம் அவுங்களா பேசுனாங்க. இது பேசல. நான்தான் அதோட பேச்ச எடுத்து ஊருக்குக் குடுத்துட்டேன். அடி வாங்கறது அதுதானே?" என்றார். சங்கீதாவைத் தொலைத்துவிட்டோம் என்றே நினைத்தார். சில நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அடுத்த நாளே முதல் பேருந்தைப் பிடித்து அந்த வீட்டு வாசலில் போய் நின்றவரும் அவர்தான். அப்பனிடம் நியாயம் பேசப் போகவில்லை. அந்தச் சின்னப் பெண்ணிடம், "என்ன மன்னிச்சிக்கோடி" என்று கேட்கப் போனார். அவளுடைய அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். சங்கீதா பள்ளிக்கூடம் போகவில்லை. அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர்க் கோயிலில் கூட்டம் கூடும்போது அங்கே கடைகளுக்குச் செட் கட்ட மாமா போவார். அக்காவும் உடன் போய், அந்த வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். அவள் அம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பார். அப்பா கொல்லைப்பக்கமே இருப்பார். அக்கா தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து வருவார். "போய் என்னதான் பேசற?" என்றால், "ஒண்ணும் பேசல. நான் மறக்கலன்னு அதுக்குத் தெரியணும்ல" என்பார்.

ஒரு அமாவாசையன்று போனபோது வீட்டில் சங்கீதா இல்லை. கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்றே அக்கா நினைத்தார். "எங்கம்மா பொண்ணு?" என்று கேட்டதற்கு, கொல்லைப்பக்கமிருந்து அப்பாதான் பதில் சொன்னார்.

"இஸ்கூலுக்குப் போயிருக்குது. நான்தான் வுட்டுட்டு வந்தேன். டீக்கடைக்குப் போனா கேக்கறான், மாட்டாஸ்பத்திரிக்குப் போனா கேக்கறான், பொண்ணு இஸ்கூல் போவுதான்னு. ஊரே கேட்டுடுச்சி. நான் மட்டும் கேக்காத மாதிரி எத்தினி நாளு இருக்கறது?"

அன்று அக்கா திண்டிவனம் வரைக்கும் வண்டியில் சிரித்துக்கொண்டே வந்தார் என்று மாமா சொல்வார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

கடைசி மாதங்களில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. விழுப்புரத்தில் மருத்துவமனையில் சேர்த்தோம். முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருந்ததால் பேச முடியவில்லை. நான் காதருகே குனிந்து, "அக்கா, கேக்குதா?" என்பேன். வலது கையை மெத்தையிலிருந்து கொஞ்சம் தூக்குவார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அது எனக்குப் போதுமாக இருந்தது. கல்லூரி முடித்துவிட்டு விழுப்புரத்திலேயே வேலை தேடிக்கொண்டிருந்த சங்கீதா தினமும் கஞ்சி கொண்டுவருவாள். அவளும் கேட்பாள், "பெரிம்மா, கேக்குதா?" கை எழும். அக்காவால் கஞ்சி குடிக்க முடியாத நாளிலும் அவள் தூக்குப் பாத்திரத்தோடு வந்தாள். கடைசி நாள் மதியம் நான் கேட்டேன். கை எழவில்லை. சத்தமாகச் சொன்னால் எழும் என்று பழகியவள் அல்லவா நான்? சத்தமாகக் கேட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படிக் கேட்டேன்.

அக்கா, உன்னிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருக்கிறது. என் மகளுக்கு வெளியூரில் கல்லூரி கிடைத்தது உனக்குத் தெரியாது. மாமா இப்போது திட்டுவதே இல்லை, அது எங்களுக்குத்தான் தாங்கவில்லை. ஒயர்களை அவரே சுருட்டுகிறார், சிக்கலாகவே சுருட்டுகிறார்.

அக்காவின் கடைசி நாட்களில் கட்டிலோடு நின்ற செவிலியர்களையும், இரத்தம் கொடுத்த திண்டிவனம் பந்தல் தொழில் நண்பர்களையும், காரியங்கள் அனைத்தையும் தங்கள் வீட்டுக் காரியமாக எடுத்துச் செய்த பங்காளிகளையும், எந்தெந்த ஊரிலிருந்தோ கைக்குழந்தையோடு வந்து பதினாறாம் நாள் வரை எங்களைத் தாங்கிய, அக்கா மைக்கில் பேசவைத்த அந்தப் பெண்களையும் எங்கள் குடும்பம் மறக்காது. கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

நினைவு நாளன்று படையல் முடிந்ததும் மாமா செட் கட்டுகிறார். பாட்டு வேண்டாம் என்றுவிட்டார். வந்திருக்கும் பெண் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் மைக்கில் பேசலாம். முதலில் நான் பேசவேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. என் பெயர், என் படிப்பு இரண்டையும் சொல்லிவிடுவேன். மூன்றாவதாக, அக்காவுக்குக் கிடைக்காத அந்த வார்த்தையை அவருக்காகச் சொல்லப்போகிறேன்.

"சின்னம்மா, நான் கடைசில நின்னு கையத் தூக்கட்டுமா?" என்று சங்கீதா கேட்டாள். தூக்கு என்று சொல்லியிருக்கிறேன். அவளுடைய கை உயர்ந்ததும் நான் பேசத் தொடங்கிவிடுவேன். பேசிக்கொண்டே அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு கையைத் தேடுவேன்.