கஸ்னியின் நான், தெஹ்ரானின் நாங்கள்

மகன் ஓர் ஈரானியப் பெண்பிள்ளையோடு பழகுகிறான் என்று தெரிந்ததும் நான் பாரசீகம் படிக்கத் தொடங்கினேன்.

“அவையள் இங்கிலீஷ் கதைப்பினம்தானே?” என்று கணவர் கேட்டார்.

“பிள்ளை கதைக்கும், தகப்பனும் கதைப்பாராம். தாய்க்குத்தான் வராதாம்.”



எனக்குப் படிப்பித்தது என்னோடு வேலை செய்யும் ஹசாராப் பெண். எங்களைப் போலச் சிட்னியில்தான், மெரிலண்ட்ஸில் இருக்கிறாள். ஆப்கானிஸ்தானில் கஸ்னிப் பக்கம் பிறந்தவள். தன் வீட்டுப் பேச்சும் பாரசீகம்தான் என்றாள். நாங்கள் இருவரும் ஒரு முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கும் பகுதியில் நிற்கிறோம். படுக்கை விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடிக்கும்போது அவள் ஒரு சொல் சொல்வாள், நான் திருப்பிச் சொல்வேன். ஒரு நாளைக்கு நூறு விரிப்பாவது மடிப்போம் என்பதால் படிப்பு வேகமாக நடந்தது. ‘ம’ என்றால் நான். ‘மு’ என்றால் நாங்கள். ‘ம மேயும்’ என்றால் நான் வருகிறேன். இந்தக் கடைசிச் சொல் மனதில் நிற்க ஒரு மாட்டை நினைத்துக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்து அந்தப் பிள்ளையின் தாய் ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கீரையும் அவரைக்கொட்டையும் ஆட்டிறைச்சியும் போட்ட கறி கொடுத்தனுப்பினார். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்ப முடியாது. பயித்தம் பணியாரம் சுட்டு நிரப்பிவிட்டு, நானே தாய்க்குப் போன் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி, ம மேயும் என்றேன்.

 மறுமுனையில் அவர் ஏதோ மெதுவாகக் கேட்டார். விளங்கவில்லைப் போலும் என்று இன்னும் உரக்கச் சொன்னேன். உரக்கச் சொன்னதில் ‘ம’ கொஞ்சம் நீண்டுவிட்டது. அவர் உடனே கடகடவென்று கதைக்கத் தொடங்கினார். குரலில் அப்படி ஒரு சந்தோசம். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நான் ‘பலே’ என்றேன். அது ‘ஓம்’. நாலைந்து தரம் சொன்னேன்.

ஞாயிறன்று கணவர் மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போய்விட்டார். நான் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு கார்லிங்போர்ட்டுக்குப் போனேன். வாசலில் இருபது சோடிச் சப்பாத்துக் கிடந்தது. உள்ளே ஆண்கள் எல்லாரும் கோட்டுப் போட்டிருந்தார்கள். மேசையில் பழங்கள் கோபுரமாக அடுக்கியிருந்தன. எல்லாரும் எழும்பி நின்று என்னைப் பார்த்தார்கள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார்கள். நான் பாத்திரத்தை நீட்டினேன். தாய் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பூக்களுக்கு நடுவில் வைத்தார்.

தேத்தண்ணித் தட்டோடு வந்த பிள்ளையின் முகம் வெளிறியிருந்தது.

“அன்ரி, மற்ற ஆக்கள் எங்கே?” என்று ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டாள்.

“எந்த ஆக்கள்?”

“நாங்கள் வாறம் எண்டு அம்மாவுக்குச் சொன்னீங்களாம். பெடியன்ரை தாய் அப்பிடிச் சொன்னால் பெண் கேட்டு வாறதெண்டுதான் அர்த்தம்.”

தகப்பன் தெஹ்ரானில் இரசாயனம் படிப்பித்தவர். என்னிடம் யார் பாரசீகம் படிப்பித்தது என்று கேட்டார். சொன்னேன். தெஹ்ரானில் ‘மன்’ என்றால் நான், ‘மா’ என்றால் நாங்கள் என்று விளக்கினார். கஸ்னியில் ஓர் ஆளுக்குச் சொல்லும் வினை ‘உம்’ என்று முடியும். தெஹ்ரானில் அது ‘அம்’. பலருக்கு ‘இம்’. ‘உம்’ இரண்டிலும் சேராததால் தன் மனைவி ‘மா’வை நம்பியிருக்கிறார் என்றார். அவருக்குக் கோபமில்லை. ஒரு கணக்கின் விடை வந்தது போலத்தான் சொன்னார்.

எனக்குக் காது சுட்டது. பாத்திரம் கொடுக்கத்தான் வந்தேன் என்று சொல்லலாம். ஆனால் தாய் இரண்டு நாள் சமைத்திருக்கிறார். சிட்னியில் இருக்கும் தங்கைமார் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறார். நான் பிள்ளையைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய், “உமக்கு விருப்பமோ?” என்று கேட்டேன்.

“விருப்பம். அடுத்த வருசம் சொல்லுவம் எண்டு இருந்தனாங்கள்.”

கணவருக்கும் மகனுக்கும் போன் எடுத்தேன். கணவர் வேட்டியோடும் திருநீற்றோடும் வந்து சேர்ந்தார். அந்த வீட்டில் அவர்தான் நன்றாக உடுத்தியிருந்தார் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். மகன் காற்சட்டையும் கால்பந்துச் சப்பாத்துமாக வந்தான்.

“அம்மா, என்ன செய்தனீங்கள்?”

“சட்டி குடுக்க வந்தனான்.”

தகப்பன் முறைப்படி, வந்த காரணம் என்னவென்று கேட்டார். கணவர் என்னைப் பார்த்தார். நான் மகனைப் பார்த்தேன். அவன் பிள்ளையைப் பார்த்துவிட்டு, “கலியாணம் செய்யலாம் எண்டு” என்றான். தாய் அழுதார். நானும் அழுதேன். அதற்குப் பாரசீகம் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை தோழியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் விரிப்பின் மூலையைப் பிடித்தபடி யோசித்தாள்.

“நான் பிழையாகப் படிப்பிக்கவில்லை. அவர்கள்தான் பிழையாகச் சொல்கிறார்கள்” என்றாள்.

அதன் பிறகு சம்பந்தியம்மா எனக்குத் தெஹ்ரான் பேச்சைப் படிப்பித்தார். அங்கே ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்பதற்கு இரண்டு வினை வேண்டும், இரண்டிலும் ‘நான்’ ஒட்ட வேண்டும். தாரம் மியாம். நேரே பெயர்த்தால், வைத்திருக்கிறேன் வருகிறேன். தோழி இதைக் கேட்டுவிட்டு, ஒரு வினை போதாதா என்றாள்.

கலியாணத்துக்கு முதல் கிழமை காரில் இருந்து சம்பந்தியம்மாவுக்குப் போன் எடுத்து, தாரம் மியாம் என்றேன். பக்கத்தில் இருந்த கணவர் திரும்பிப் பார்த்தார்.

“ஆரின்ரை தாரம்?”

நான் பாதையைப் பார்த்து ஓட்டினேன்.